சயனோடைப் அச்சில் நீலம் நிற்கவில்லை

வெயிலிலேயே நீல நிறத்தில் படம் அச்சிடும் சயனோடைப் முறையை இணையத்தில் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. கட்டட வரைபடங்களை நகலெடுத்த பழைய ப்ளூபிரின்ட்டும் இதே வேதியியல்தான். மூன்று வாரமாக முயல்கிறேன், அலசும்போது நீலம் பாதிக்கு மேல் கரைந்து ஓடிவிடுகிறது. மிஞ்சுவது வெளிறிய வானம்.

கலவை: ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் (பச்சை) 25%, பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10%, சம அளவு. தாளில் பூசி இருட்டில் உலர்த்துகிறேன். இடம் மதுரை, மொட்டை மாடி, மதியம் 12 மணி வெயில். முதலில் 8 நிமிடம் வைத்தேன், அப்புறம் 15, கடைசியில் 25. சாதாரண ஓவியத்தாளை விட்டு கனமான 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளுக்கும் மாறிப் பார்த்தாயிற்று. வேப்பிலை நிழல் மட்டும் அழகாக விழுகிறது, அதைப் பார்த்துத்தான் இன்னும் விடாமல் இருக்கிறேன்.

வெயிலிலிருந்து எடுக்கும்போது தாள் சாம்பல் கலந்த பழுப்பாகத்தான் இருக்கிறது, அது சரிதானே. போர் தண்ணீரில் 10 நிமிடம் அலசுகிறேன். வாளியில் உப்புப் படியும் அளவுக்குக் கடினமான தண்ணீர். அது காரமாகவும் இருக்கலாம்; காரத்தன்மை இந்த நீலத்தை அழிக்கும் என்பதால் சந்தேகம் அந்தத் தண்ணீர் மேல்தான். வினிகர் இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை.

போர் தண்ணீரிலேயே சயனோடைப் செய்தவர்கள், முதல் அலசலுக்கு ஒரு லிட்டருக்கு எவ்வளவு வினிகர் சேர்க்கிறீர்கள்?