வைஃபை டாங்கிளைச் செருகினால் சிடி என்கிறது மின்ட்

மாடிவீட்டான்:
அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21 (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்) போட்டுக் கொடுத்தேன். மோடம் கீழே, கம்ப்யூட்டர் மாடியில். கேபிள் இழுக்கச் சுவரில் ஓட்டை போட அப்பா விடமாட்டார். சென்னை ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு ஒரு வைஃபை டாங்கிள் வாங்கினேன்; கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கிறது. செருகினால் திரையில் சிடி படம் வருகிறது. திறந்தால் விண்டோஸ் செட்டப் ஃபைல். வைஃபையைக் காணவே காணோம். டாங்கிளே பழுதா? விற்ற பொருளைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள்.

கருப்புத்திரை:
பழுதெல்லாம் இல்லை. விண்டோஸ்காரர்களுக்கு டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) கையோடு கொடுக்க, முதலில் சிடி வேடம் போடும் டாங்கிள் இது. டெர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' (lsusb) அடித்துப் பாருங்கள், யூஎஸ்பியில் செருகியவற்றின் பட்டியல் வரும். அதில் அடையாள எண் 0பிடிஏ:1ஏ2பி (0bda:1a2b) என்று இருந்தால் அதேதான். சிடி படத்தில் ரைட் கிளிக் செய்து இஜெக்ட் கொடுங்கள்.

மாடிவீட்டான்:
அதேதான் அண்ணா! இஜெக்ட் கொடுத்ததும் 1ஏ2பி போய் சி811 (c811) வந்துவிட்டது. ஆனால் வைஃபை இன்னும் வரவில்லை.

புளியமரம்:
கிட்ஹப் தளத்தில் டிரைவரின் மூல நிரல் கிடைக்கும், கம்பைல் செய்துகொள்ளுங்கள்.

கருப்புத்திரை:
அவசரப்படாதீர்கள். டிகேஎம்எஸ் (டிரைவரைத் தானாகத் திரும்பக் கம்பைல் செய்யும் கருவி) இல்லாமல் கம்பைல் செய்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். நானே ஒரு வருஷம் அப்படி மாரடித்தேன். சி811 என்றால் ரியல்டெக் 8811சியூ சிப். அதற்கான டிரைவர் 6.2 பதிப்பிலிருந்து கெர்னலிலேயே இருக்கிறது. உங்களிடம் 5.15 இருக்கும், மின்ட் 21 அதோடுதான் வந்தது. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போனின் நெட்டைப் பகிர்வது) போட்டால் நெட் வரும். அப்புறம் அப்டேட் மேனேஜரில் வியூ மெனு, லினக்ஸ் கெர்னல்ஸ் போய் 6.8-ஐ இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட். பழைய 5.15-ஐ அழிக்க வேண்டாம். ஏதாவது சொதப்பினால் அதில் பூட் செய்துகொள்ளலாம்.

மாடிவீட்டான்:
வந்துவிட்டது! இங்கே மூன்றாவது வீட்டு வைஃபைகூடத் தெரிகிறது. ஒரே தொல்லை, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சிடி திரும்ப வந்து நிற்கிறது. அப்பாவுக்கு இஜெக்ட் எல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கருப்புத்திரை:
'யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' பேக்கேஜ் இருக்கிறதா பாருங்கள். இந்த வேடத்தைக் கலைக்கத்தான் அது இருக்கிறது.

மாடிவீட்டான்:
இல்லை, இப்போதுதான் போட்டேன். இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தும் வைஃபை தானாக வந்தது. நன்றி அண்ணா. அப்பாதான் "இங்க ஒரு சிடி இருந்துச்சே, எங்கடா?" என்று தேடிக்கொண்டிருக்கிறார்.