தையல்காரிக்கு என்ன ஊழியம்? வழிகாட்டுங்கள்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

நான் பாளையங்கோட்டை பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். பத்து வருடமாக ஆண்டவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பாரம் எனக்குள் இருக்கிறது. ஆனால் நான்கு பேர் முன்னால் பேச எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஊழியம் என்றாலே பிரசங்கம்தான் என்று நினைத்து ஒதுங்கியே இருந்துவிட்டேன்.

போன வாரம் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்ற சீஷி இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான். அவள் பிரசங்கித்ததாக ஒரு வரிகூட இல்லை! அன்று கடையைத் திறக்கவே மனமில்லாமல் அழுதேன். மிசோரம் பெண்களும் நினைவுக்கு வந்தார்கள். உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் அங்கே 1910 முதல் இருக்கிறது.

என்னிடம் இரண்டு மெஷின் இருக்கிறது, சனிக்கிழமை மதியம் ஓய்வு. விதவைச் சகோதரிகளுக்கு இலவசமாகத் தையல் கற்றுக்கொடுக்க ஆசை. இப்படி யாராவது நடத்தியிருக்கிறீர்களா? எத்தனை பேரோடு தொடங்கலாம்? பிற மதத்துச் சகோதரிகள் கூச்சமில்லாமல் வர என்ன செய்ய வேண்டும்? முதலில் சபைப் போதகரான ஐயரவர்களிடம் சொல்லவா, தொடங்கிவிட்டுச் சொல்லவா? அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.