ஸ்பிரே கன்னைக் கழற்றிக் கழுவுவது: உங்கள் கைக்கு எது வசதி, எது தொல்லை?

தொடங்கியவர் (கருவி வடிவமைப்பு)

ஸ்பிரே கன் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். இப்போது எடுத்திருக்கும் கன்னில் எனக்குள்ள முதல் பொறுப்பு, வேலை முடிந்த கையோடு அதைச் சீக்கிரமாகக் கழற்றி, கழுவி, திரும்ப மாட்ட முடிய வேண்டும் என்பது. "கழுவ எளிது" என்று எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள். ஆனால் களைத்துப்போய், கையுறை போட்ட கையோடு, பெயின்ட் காய்வதற்குள் கழற்றுகிறவருக்குத்தான் அது உண்மையா என்று தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்கத்தான் இந்த இழை.

நான் யோசித்துவைத்திருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கன் முழுவதும் பெயின்ட் போவதில்லை. பெயின்ட் ஊற்றும் கப், உடலுக்குள் இருக்கும் பெயின்ட் வழி, பெயின்ட் வெளியே வரும் துளையான நாசில், அந்தத் துளையை மூடித் திறக்கும் ஊசியான நீடிலின் முன்பகுதி, கசியாமல் அதைச் சுற்றிய பேக்கிங், நாசிலின் மேல் மாட்டிக் காற்றைப் பீச்சும் மூடியான ஏர் கேப்பின் முகம். நனைவது இவ்வளவுதான். டிரிகர், காற்று வால்வு, பெயின்ட் விரிந்து விழும் அகலத்தை, அதாவது விசிறி அளவை, கூட்டிக் குறைக்கும் திருகு எல்லாம் காற்றுப் பக்கம். அங்கே பெயின்ட் போனால் அது கோளாறு. ஆக, நனையும் பாகங்களை எந்தக் கோட்டில் பிரிப்பது என்பதுதான் என் கேள்வி. கன்னைத் துண்டு துண்டாகப் பிரிக்க எனக்கு ஆசை இல்லை.

1888-ல் டாக்டர் ஆலன் டெவில்பிஸ் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அந்தக் கருத்தை வைத்து அவர் மகன் தாமஸ் 1907-ல் பெயின்ட் கன் செய்தார். இத்தனை காலம் ஆகியும், நாள் முடிவில் கழுவுகிறவரின் கையை நினைத்துச் செய்த கன்கள் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கன்னில் பெயின்ட் எங்கே ஒளிந்துகொள்கிறது? எந்தப் பாகம் தொலைகிறது? எதைத் திரும்ப மாட்டும்போது எரிச்சல் வருகிறது? விவரமாக எழுதுங்கள்.

கார் பெயின்ட் அடிப்பவர்

நல்ல கேள்வி சார். நான் நிறம் தரும் பேஸ் கோட்டுக்கும் அதன் மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியருக்கும் 1.3 மில்லிமீட்டர் நாசில் உள்ள, கப் மேலே இருக்கும் கன்தான் வைத்திருக்கிறேன். கிளியரில் அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்துவிட்டால் அப்புறம் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கன்னுக்குள் அது இறுகிப்போனால் தின்னரில் எவ்வளவு ஊறவைத்தாலும் கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் எனக்குக் கழற்றும் நேரம் ரொம்ப முக்கியம்.

என் வரிசை இது. மிச்ச பெயின்ட்டைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் தின்னர் ஊற்றிக் கலக்கி, அதைக் கன் வழியாகவே ஓடவிடுவேன். அப்புறம் ஏர் கேப். அதன் பின் நீடில். கடைசியில்தான் நாசில். நீடிலும் நாசிலும் ஒன்றோடு ஒன்று பொருந்தித் தேய்த்த ஜோடி. நீடில் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும்போதே நாசிலைத் திருகினால், இரண்டும் பொருந்தி உட்காரும் இருக்கையில் கீறல் விழும். பிறகு டிரிகரை விட்டாலும் நுனியில் சொட்டிக்கொண்டே இருக்கும். இந்த வரிசை தெரியாத புதுப் பையன் கையில் கொடுத்தாலும் கெடாத மாதிரி, நீடிலை எடுத்தால்தான் நாசில் சுழலும் என்று ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா?

எனக்குப் பிடித்த கன் ஒன்றில், பின்னால் இருக்கும் குமிழைக் கழற்றினால் ஸ்பிரிங் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். சின்ன விஷயம்தான். ஆனால் மற்ற கன்களில் ஸ்பிரிங் துள்ளி ஓடி, புட்டித் தூளும் தூசியுமாகக் கிடக்கும் தரையில் அதைத் தேடி எடுத்து, மறுபடி துடைத்து மாட்ட வேண்டும். அதில் ஒட்டிய ஒரு மணல்துகள் போதும், நீடில் சிக்கிச் சிக்கி வரும்.

பெயின்ட் ஒளிகிற இடம் கேட்டீர்கள். என் அனுபவத்தில் அது நாசிலுக்குப் பின்னால், காற்றைச் சுற்றிப் பிரித்துவிடும் வளையம். அந்த இடுக்கில் கசிந்து காய்ந்தால் விசிறி ஒரு பக்கமாகக் கனத்துவிடும். ஏர் கேப்பை எத்தனை தடவை குத்திச் சுத்தம் செய்தாலும் சரியாகாது, கோளாறு அங்கே இல்லையே. சாட்டாஜெட் எக்ஸ் 5500 என்ற கன்னில் அந்த வளையமே இல்லாமல் செய்திருக்கிறார்கள். அதைக் கழுவிப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரு பாகத்தைக் கழற்ற எளிதாக்குவதைவிட அந்தப் பாகமே வேண்டாத மாதிரி செய்வது பெரிய வேலை.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். எல்லாவற்றையும் ஸ்பேனர் இல்லாமல் கழற்ற வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஏர் கேப் கையால் ஒரே சுற்றில் வரட்டும், நல்லது. நாசில் அப்படி இல்லை. அது கொஞ்சம் தளர்ந்தாலும் காற்று பெயின்ட் வழிக்குள் புகுந்து கப்பில் குமிழி வரும், கன் விட்டுவிட்டுத் துப்பும். அதை ஸ்பேனர் போட்டு இறுக்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இன்னொன்று. கன்னை அப்படியே தின்னர் டின்னில் மூழ்கவைப்பவர்கள் நிறைய. பேக்கிங்கில் இருக்கும் எண்ணெய் போய்விடும், அழுக்குத் தின்னர் காற்று வழிக்குள் ஏறிவிடும். கழற்றச் சிரமமாக இருப்பதால்தான் அவர்கள் மூழ்கவைக்கிறார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்?

த்ரீ எம் பிபிஎஸ் மாதிரி உள்ளே மெல்லிய பை போட்டுத் தூக்கி எறியும் கப் வந்தபின் தின்னர் செலவு நன்றாகக் குறைந்தது. ஆனால் நாசிலும் நீடிலும் அப்படியேதான் இருக்கின்றன, அதைக் கழுவத்தான் வேண்டும். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலுக்கு ஆகாது. அடிக்கும்போது மாஸ்க் போடுகிறவர்கள்கூடக் கழுவும்போது கழற்றி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் கழுவும் நேரத்தைக் குறைத்தால் அவர்கள் சுவாசிக்கும் விஷமும் குறையும். அதை மனதில் வைத்துச் செய்யுங்கள்.

வீட்டு வேலையைத் தானே செய்பவர்

நான் தொழில்காரன் இல்லை. டர்பைன் வைத்த மின்சார கன்னில் சுவருக்கும் கதவுக்கும் தண்ணீர் பெயின்ட் அடிப்பேன். வாக்னரின் கிளிக் அண்ட் பெயின்ட் வகையில் மோட்டார் இருக்கும் கைப்பிடி தனி, பெயின்ட் போகும் முன்பாதி தனி. ஒரு திருப்பில் பிரிந்துவிடும். முன்பாதியை நேராகக் குழாயடியில் கொண்டுபோய்க் கழுவலாம், மின்சாரப் பாகம் நனைந்துவிடுமோ என்ற பயமே இல்லை. தொடங்கியவர் சொன்ன அந்தக் கோடு இங்கே கண்ணுக்கே தெரிகிறது.

தொல்லை கொடுத்தது வேறொரு கன், பெயர் வேண்டாம். காற்றழுத்தத்தைக் கப்புக்குள் கொண்டுபோக ஒரு சின்னக் குழாய், அதில் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு வால்வு. கூரைக்கு அடிக்கக் கன்னைச் சாய்த்தால் பெயின்ட் அந்தக் குழாய்க்குள் ஏறிவிடும். அது காய்ந்தால் கப்பில் அழுத்தம் இல்லை, பெயின்ட் மேலே வராது. நாசில்தான் அடைத்திருக்கிறது என்று நாசிலையே கழற்றிக்கொண்டிருப்போம். குழாய் கறுப்பாக இருந்ததால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. அந்தக் குழாயைக் கண்ணாடி மாதிரித் தெளிவாகச் செய்யுங்கள், வால்வின் மூடியைக் கையால் திறக்கும்படி வையுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஏர்பிரஷ் பயன்படுத்துபவர்

உங்கள் நாசில்கள் எல்லாம் எனக்கு அண்டா! நான் பேனா மாதிரிப் பிடிக்கும் குட்டி ஸ்பிரே கன்னான ஏர்பிரஷ்ஷால், பொம்மை விமானங்களுக்கும் உருவங்களுக்கும் 0.2 மில்லிமீட்டர் நாசிலில் வேலை செய்கிறேன். பல ஏர்பிரஷ்களில் நாசிலுக்கு மயிரிழை மாதிரி மரை, அதற்கென்று ஒரு குட்டி ஸ்பேனர். கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் மரைப் பகுதி உடைந்து உள்ளேயே தங்கிவிடும். ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக்கில் நாசிலுக்கு மரையே கிடையாது. அது தன் இருக்கையில் தானாக நடுவில் உட்காரும், முன்னால் இருக்கும் தலையைக் கையால் இறுக்கினால் அதுவே நாசிலைப் பிடித்துக்கொள்ளும். மேலே அண்ணன் ஸ்பேனர் வேண்டும் என்கிறார், பெரிய கன்னுக்கு அது சரியாக இருக்கலாம். சின்ன அளவில் சாய்வான இருக்கை எனக்கு நிறையப் பணமும் கண்ணீரும் மிச்சப்படுத்தியிருக்கிறது.

நீடிலைப் பின்பக்கமாக உருவினால் நுனியில் இருக்கும் பெயின்ட் பேக்கிங் வழியாக இழுபட்டுப் போகிறது. முன்பக்கமாக எடுக்க முடிந்தால் பேக்கிங் சுத்தமாக இருக்கும். பெரிய கன்களில் நீடிலுக்குப் பின்னால் தடித்த கழுத்து இருப்பதால் அது முடியாது என்று நினைக்கிறேன். குறைந்தபட்சம் உருவுவதற்கு முன் நுனியைக் கழுவ வழி வையுங்கள்.

மர பாலிஷ், லாக்கர் வேலை

இங்கே யாரும் ஓ-ரிங்கைப் பற்றி, அதாவது கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைப் பற்றி, பேசவில்லையே. கழற்றும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு ரிங் வேண்டும். கழற்றும் இடத்தைக் கூட்டக் கூட்ட, கசியும் இடமும் கூடுகிறது.

என் வேலையில் லாக்கர் தின்னர்தான் எல்லாம். ரிங் அதில் ஊறினால் உப்பிவிடும். கழுவி முடித்து மாட்டப் போனால் தன் பள்ளத்தில் உட்காராது, வெளியே பிதுங்கும். அழுத்தி மாட்டினால் வெட்டுப்படும். அடுத்த நாள் காய்ந்து பழைய அளவுக்கு வந்திருக்கும், ஆனால் வேலை அன்றைக்கல்லவா இருந்தது. சாதாரண நைட்ரைல் ரப்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உசத்தி என்று விற்கும் விட்டான் (Viton) ரப்பர்கூட அசிட்டோன் மாதிரிக் கீட்டோன் வகைக் கரைப்பானுக்குத் தாங்காது. இபிடிஎம் என்ற ரப்பர் கீட்டோனைத் தாங்கும், ஆனால் டொலுயீன் என்ற கரைப்பான் பட்டால் உப்பும். லாக்கர் தின்னரில் இரண்டு வகையும் கலந்திருக்கும். நனைகிற இடத்தில் டெஃப்லான் போடுங்கள் என்பது என் வேண்டுகோள். அதற்கு ரப்பர் மாதிரி மீளும் குணம் இல்லை என்று தெரியும், அந்தக் கஷ்டத்தை நீங்கள்தான் வடிவமைப்பில் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங்கே தேவைப்படாதபடி உலோகம் உலோகத்தோடு சாய்வாக உட்காரட்டும், ஏர்பிரஷ் நண்பர் சொன்ன மாதிரி.

இன்னொரு எச்சரிக்கை. மெத்திலீன் குளோரைடு மாதிரிக் குளோரின் கலந்த கரைப்பானை அலுமினிய உடல் உள்ள கன்னுக்கு விடக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும்போது வினை நடந்து வெடிக்கும் அபாயம் உண்டு. இதைக் கன்னின் மேலேயே பொறித்துவிட்டால் நல்லது, கூட வரும் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்?

ஏர்லெஸ் ஓட்டுபவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஏர்லெஸ் என்றால் காற்று இல்லாமல், பம்பின் அழுத்தத்திலேயே பெயின்ட்டைப் பீச்சுவது. எங்கள் கன்னில் நாசில் அடைத்தால் கழற்றவே வேண்டாம், டிப் என்கிற அந்த நாசில் முனையை நூற்றெண்பது டிகிரி திருப்பி ஒரு தடவை அடித்தால் அடைப்பு வெளியே போய்விடும். அருமையான யோசனை. ஆனால் ஏர்லெஸ்ஸில் அழுத்தம் 200 பாருக்கு மேலேயும் போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே பெயின்ட்டை ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே இழக்கும் நிலை வரும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். அதனால் "சுலபமாகக் கழல்வது" என்பதை இங்கே யோசித்துத்தான் செய்ய வேண்டும். அழுத்தம் உள்ளே இருக்கும்வரை எதுவும் கழலக் கூடாது. நீங்கள் செய்வது காற்று கன் என்றாலும் அழுத்தக் கப் வைத்தால் இதே விதி.

தொடங்கியவர்

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்திருக்கிறது, எல்லாருக்கும் நன்றி. நாசிலுக்கு ஸ்பேனர் இருக்கட்டும் என்று முடிவு செய்கிறேன். சாய்வான இருக்கையை முதல் மாதிரியில் சோதிக்கிறேன், அதனால் நனையும் பக்கம் ஓ-ரிங் ஒன்று குறையும். ஸ்பிரிங் குமிழோடு ஒட்டி வரும். நீடில் உள்ளே இருந்தால் ஸ்பேனர் நாசிலைப் பிடிக்காதபடி ஒரு தடை வைக்க முடியுமா என்று வரைந்து பார்க்கிறேன், அது எளிதல்ல. ஏர் கேப் தப்பாக மாட்டப்படாமல் இருக்க ஒரு சாவிப் பள்ளம் வைத்து ஒரே நிலையில் மட்டும் உட்காரும்படி செய்யலாம் என்று யோசிக்கிறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

கார் பெயின்ட் அடிப்பவர்

உண்டு சார். ஒரே நிலை வேண்டாம். கதவுக்கு விசிறி நிமிர்ந்து வேண்டும், கீழ்ப்பக்க விளிம்புக்குப் படுத்து வேண்டும். வேலைக்கு நடுவில் ஏர் கேப்பைத் திருப்பிக்கொண்டே இருப்போம். பள்ளம் வைப்பதானால் நான்கு வையுங்கள், கையுறை போட்டிருந்தாலும் "டக்" என்று உணரும் அளவுக்கு ஆழமாக.