சீனியர் மிஷனரியா வெளிநாடு போறோம், அங்க தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். இவர் ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சு, பசங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் முடிஞ்சுது, ரொம்ப வருஷமா பேசிக்கிட்டே இருந்த மிஷனுக்கு, அதாவது வெளியூர் போய் சபைக்காக ஊழியம் செய்றதுக்கு, ஒருவழியா அப்ளிகேஷன் போட்டோம், இப்ப பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைல இருந்து 18 மாசத்துக்கு அழைப்பு வந்திருக்கு. பாஷை சுத்தமா தெரியாத நாடு. எனக்கு சுகர் வேற. சின்ன வயசு மிஷனரிப் பசங்க மாதிரி காலைல ஆறரைக்கு எழுந்து வீடு வீடா போகணுமா? மருமக மாசமா இருக்கா, குழந்தை பொறக்கிற நேரத்துல பேசவாவது முடியுமா? போயிட்டு வந்தவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

பழைய டைரி:
சிஸ்டர், முதல்ல வாழ்த்துக்கள். பயப்படாதீங்க, இளம் மிஷனரிங்களோட டைம்டேபிள் நமக்குக் கிடையாது, உடம்புக்குத் தக்கபடி மிஷன் பிரசிடென்ட்கிட்ட (அங்க மிஷனரிங்களுக்குப் பொறுப்பா இருக்கிறவர்) பேசி வெச்சுக்கலாம். வீட்டுக்குப் போன் பண்றதுக்கும் கட்டுப்பாடு இல்ல. இளம் மிஷனரிங்களுக்கே 2019-ல இருந்து வாரம் ஒரு நாள் வீட்டுக்குப் பேச அனுமதி வந்துடுச்சு. சுகர் விஷயத்துக்கு, மாத்திரையோட மருந்துப் பேரையே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க, கம்பெனி பேர் நாட்டுக்கு நாடு மாறும்.

நாங்க இருந்தது மிஷன் ஆபீஸ்ல. இவர் வண்டி, வாடகை வீட்டு ஒப்பந்தம் பாத்தாரு, நான் விசா பேப்பரும் பார்சலும். ஆனா மனசுல நிக்கிறது அது இல்ல. மிஷனரிங்க தங்கியிருக்கிற வீடுகள போய்ப் பாக்கிற வேலையும் எங்களுக்குக் குடுத்திருந்தாங்க, புகை அலாரம் வேலை செய்யுதா, சுத்தமா இருக்கான்னு பாக்கணும். ஒரு வீட்ல 19 வயசுப் பையன் மூணு நாளா காய்ச்சலோட படுத்திருக்கான், யாருக்கும் சொல்லல. நாற்காலில கெடந்த அவன் வெள்ளைச் சட்டைல ரெண்டு பட்டன் இல்ல. டாக்டர் வர்ற வரைக்கும் அங்கயே ஒக்காந்து தெச்சேன். சட்டைய வாங்கிட்டு அந்த பட்டனையே தடவிக்கிட்டு இருந்தான், கொஞ்ச நேரம் கழிச்சுதான் அவங்க அம்மாவப் பத்திப் பேச ஆரம்பிச்சான், பேசினான் பேசினான் ஒரு மணி நேரம். எங்களுக்கும் அந்த ஊர் பாஷை பத்து வார்த்தைக்கு மேல வரல சிஸ்டர், சபைல வயசானவங்க பக்கத்துல போய் ஒக்காந்தா கைய புடிச்சுக்குவாங்க, அதுக்கு பாஷை வேண்டியிருக்கல.

கடலோரம்:
செலவு பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். நம்ம கைக்காசுதான். வீட்டு வாடகை, கரண்ட் எல்லாம் சேத்து மாசம் 1,400 டாலருக்கு மேல தம்பதிங்க குடுக்க வேண்டாம்னு 2011-ல சபை ஒரு வரம்பு வெச்சுது. அதே சமயத்துல 6 மாச மிஷனும் வந்துச்சு, ஆனா வெளிநாட்டுக்கு 18 மாசத்துக்குக் குறைவா போனா பயணச் செலவு நம்மளோடதுன்னு சொன்னாங்க. இப்ப என்ன கணக்குன்னு உங்க பிஷப்கிட்ட, அதான் உங்க ஊர் சபைய நடத்துறவர்கிட்ட, கேட்டுட்டு பட்ஜெட் போடுங்க.

இன்னொண்ணு, யாரும் வாய் திறந்து சொல்லாதது. முப்பத்தஞ்சு வருஷம் நான் காலைல வேலைக்குப் போயி ராத்திரி வந்தவன். அங்க போன பிறகு ஒரே வண்டி, ஒரே மேஜை, நாள் பூரா ரெண்டு பேரும். முதல் ரெண்டு மாசம் நான் ரூட் சொல்ற விதத்துக்கே சண்டை வந்துச்சு. அப்புறம் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் தனியா நடக்கப் போறது, அவ தனியா டைரி எழுதறதுன்னு வெச்சுக்கிட்டோம், ராத்திரி சேந்து ஜெபம் பண்றத மட்டும் விடல. இத கிளம்புறதுக்கு முன்னாடியே அண்ணன்கிட்ட பேசிடுங்கம்மா.

கேள்வி கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த பட்டன் விஷயத்த இவருக்கு வாசிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசாம எழுந்து போயி என் ஊசி நூல் டப்பாவ எடுத்து பெட்டிக்குள்ள வெச்சிட்டாரு. பேத்தியோ பேரனோ, வீடியோ கால்லயே பாத்துக்கறேன்.