26ஆம் தேதி கேக்காத ஊரு 28ஆம் தேதி அழுதுச்சே, ஏன்?

தேவனாம்பட்டினம்_பையன்
ரொம்ப நாளா மனசுல ஓடுற கேள்வி, யாரையும் குத்தம் சொல்லக் கேக்கல. நான் கடலூர் தேவனாம்பட்டினம். எங்க ஊர்ல வருஷா வருஷம் டிசம்பர் 26 காலைல பொம்பளைங்க பால்கொடம் எடுத்துகினு கடற்கரைக்கு ஊர்வலமா போவாங்க, கடல்ல பால் ஊத்தி பூ போட்டு ஒப்பாரி வச்சு அழுவாங்க. 2004 சுனாமில கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க, எங்க அத்தையும் அதுல ஒருத்தங்க. 2023லயும் அப்படித்தான் போனோம், சில்வர் பீச்சுக்கு சுத்திப்பாக்க வந்தவங்க ஒரு பக்கம் நின்னு வீடியோ எடுத்தாங்க, என்னன்னு கேட்டவங்க ரெண்டு மூணு பேருதான். சரியா ரெண்டு நாள் கழிச்சு 28ஆம் தேதி காலைல கேப்டன் விஜயகாந்த் போயிட்டார்னு நியூஸ் வருது. மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர், ஓடி (ஓல்டு டவுன்) எங்க போனாலும் படம், மாலை, ஊதுவத்தி, எல்லார் ஸ்டேட்டஸ்லயும் அவர்தான். நானும் அழுதேங்க. எங்க ஆயா டிவி முன்னாடி உக்காந்து மாரடிச்சு அழுதுச்சு. நேர்ல ஒரு தடவகூட பாக்காத மனுஷனுக்கு இப்படி அழுவுறோம், நம்ம பக்கத்து தெரு ஆளுங்க அத்தன பேரு போனதுக்கு வெளி ஆளுக்கு ஒண்ணுமே தோணலயே, ஏன் இப்படி?

குறிஞ்சிப்பாடி79
டிவி யார காட்டுதோ அவங்களுக்குத்தான் அழுவோம், வேற என்ன. 2020 ஜூன் 14 பம்பாய்ல இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தாரு, பாவம் சின்ன வயசு, நான் இல்லங்கல, ஆனா மாசக்கணக்குல அதையே போட்டாங்க. ஜூலை 1 நெய்வேலி அனல்மின் நிலையத்துல பாய்லர் வெடிச்சு அன்னிக்கே ஆறு பேரு, மே மாசமும் ஒரு தடவ வெடிச்சுது, அந்த ஆளுங்க மூஞ்சிய எவனாவது காட்டுனானா, எத்தன பேருனு மட்டும்தான் சொன்னான். இத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது.

ஃப்ளெக்ஸ்கடை
தம்பி நான் திருப்பாப்புலியூர்ல ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைல டிசைனிங் வேலை, பதினஞ்சு வருஷமா கண்ணீர் அஞ்சலி பேனர் போட்டுகினு இருக்கேன். சாவு வீட்லேந்து ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட ஷட்டர தட்டுவாங்க. பாதி பேரு கொண்டு வர்றது ரேஷன் கார்டு ஃபோட்டோ, இல்லன்னா ஏதோ காதுகுத்துல நாலு பேரோட நிக்கிற ஃபோட்டோ, தோள் மேல வேற யாரோட கையோ இருக்கும், அத அழிச்சு பின்னாடி நீலவானம் மேகம் வச்சு, சட்டைல பட்டன் போடாம இருந்தா பட்டன்கூட நானே வரைஞ்சு குடுப்பேன். தோற்றம் மறைவு தேதி கேட்டா மறைவு டக்குனு சொல்லுவாங்க, தோற்றம் தெரியாது, ஆதார்ல பாத்து போடுன்னுவாங்க. பேனர கட்டிட்டு நான் கொஞ்ச நேரம் நின்னு பாப்பேன். ரோட்ல போறவன் ஒரு செகண்டு வண்டிய ஸ்லோ பண்ணி வயசப் பாப்பான், எண்பதுன்னா போயிடுவான், முப்பத்திரெண்டுன்னு இருந்தா "அய்யோ சின்ன வயசுப்பா"னு உச்சு கொட்டுவான். மொகத்தையும் வயசையும் பாத்தாதான் அந்த உச்சே வருது. குறிஞ்சிப்பாடி அண்ணன் சொன்னது சரி, எண்ணிக்கைக்கு எவனும் உச்சு கொட்ட மாட்டான். கேப்டனுக்கு 71, அந்த மொகத்த ஒவ்வொரு வயசுலயும் நாப்பது வருஷமா பாத்துட்டோம், விருத்தாசலத்துக்கு எம்எல்ஏவா வேற இருந்தாரு 2006லேந்து 2011 வரைக்கும், இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு சும்மா சினிமாக்காரர் இல்ல.

நைட்ட்யூட்டி_பாண்டி
நான் பாண்டில நர்ஸ். 2020ல கோவிட் வார்டு. எத்தன பேர பேக் பண்ணி அனுப்புனேன்னு கணக்கு வச்சுக்கல, வீட்டுக்காரங்களுக்கு வீடியோ கால்ல மூஞ்சிய காட்டுவோம் அவ்வளவுதான். ஒரு நாளும் அழல, பிபிஇ கவச டிரஸ் போட்டுகினு அழுதா கண்ணாடி மங்கிடும், உள்ள கைய விட்டு தொடைக்க முடியாது, அடுத்த பேஷண்டுக்கு ஊசி போட வெயின் தெரியாது. செப்டம்பர் 25 மத்தியானம் எஸ்பிபி சார் போயிட்டார்னு ரூம்மேட் ஃபோன்ல காட்டுறா, ஆகஸ்ட் 5ல அட்மிட் ஆனதுலேந்து எழுந்து வந்துடுவார்னு தினம் நியூஸ் பாத்துகினு இருந்தோம். எங்க அம்மா சமைக்கும்போது ரேடியோல கேட்ட குரல், நைட் ட்யூட்டில வார்டு அடங்குன அப்புறம் மெதுவா வச்சு கேட்ட குரல். தரைல உக்காந்து சாயந்தரம் வரைக்கும் அழுதேன். வார்டுல போனவங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க, பேரு ஞாபகமில்ல, பெட் நம்பரு ஞாபகம் இருந்துச்சு. 11ல இருந்த தாத்தா தண்ணி கேட்டது. அன்னிக்கு ஊரே அழுதுச்சு, அதனால என்ன யாரும் ஏன்னு கேக்கல.

சைக்காலஜி_ஸ்டூடண்ட்
அக்கா சொன்ன குரல் மேட்டருக்கு படிப்புல பேரே இருக்கு. 1956லயே ஹார்ட்டன், வோல்னு ரெண்டு பேரு எழுதுனாங்க, டிவி ரேடியோல வர்றவங்க நம்மகிட்ட நேரா பேசுற மாதிரியே பேசுறதால நமக்கு அவங்கள தெரியும்னு ஆயிடுது, அவங்களுக்கு நம்மள தெரியாட்டியும். பழக்கம் ஒரு பக்கமாத்தான் வளருது, ஆனா போயிட்டாங்கன்னா வலிக்கிறது நெஜ வலிதான். இவ்வளவுதான் எனக்கு தெரியும், பெரியவங்க சொல்லுங்க.

ஓடி_பெரியவர்
தம்பி ஒண்ண மறந்துட்ட. 2004ல வெளி ஆளு அழலன்னு சொல்லாத, லாரி லாரியா அரிசியும் துணியும் வந்துச்சு, பழைய துணி ரோட்டோரமா குமிஞ்சு கெடந்தத இந்தக் கண்ணால பாத்தேன். அழுதாங்க, ஆனா யாருக்குன்னு தெரியாம அழுதாங்க, அது சீக்கிரம் காஞ்சுடும். எங்கப்பா வாழ்நாள்ல ரெண்டே தடவதான் மொட்ட அடிச்சாரு, ஒண்ணு எங்க தாத்தாவுக்கு, இன்னொண்ணு 1987 டிசம்பர்ல எம்ஜிஆர் போனப்ப. எங்க தெருவுல நாற்காலில படத்த வச்சு பதினாறாம் நாள் கருமாதியே பண்ணாங்க. அப்ப எனக்கு வெக்கமா இருந்துச்சு. பின்னாடிதான் புரிஞ்சுது, 1982ல சத்துணவு வந்தப்ப அந்தத் தட்டுல சாப்ட்டவன் நான், வீட்ல அடுப்பு எரியாத நாள்லாம் உண்டு, புள்ளைக்கு சோறு போட்ட ஆளுக்கு அவரு அடிச்ச மொட்ட அது. கேப்டனுக்கும் எல்லாரும் சொன்னது என்ன, அவரு ஆபீஸ்ல யார் போனாலும் சோறு உண்டுன்னுதானே. இன்னொண்ணு, எழவு வீட்ல ஒப்பாரி வைக்கிற பொம்பளைங்க அந்தப் பொணத்துக்கு மட்டுமா அழுவுறாங்க, அவங்கவங்க வீட்டுல போனவங்கள கூப்ட்டுத்தான் அழுவாங்க. உங்க ஆயா டிவி முன்னாடி என்ன சொல்லி அழுதுச்சுன்னு காதுகுடுத்து கேட்டியா?

தேவனாம்பட்டினம்_பையன்
ஐயா நீங்க கேட்டதுலேந்து வேலையே ஓடல. "ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு போன்னு சொன்னனே, வெறும் வயித்தோட போனியே கண்ணு"னு அழுதுச்சு. ஊருக்கே சோறு போட்ட மனுஷன் பட்டினியா போனாரேன்னு பாடுதுன்னு நெனச்சுகினேன். இப்ப எங்கப்பாகிட்ட கேட்டேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் சொல்றாரு, அந்த ஞாயித்துக்கெழம அத்தை மீன் எடுக்க கூடையத் தூக்கிகினு கரைக்கு அவசரமா போச்சாம், ஆயா கஞ்சி கரைச்சு வச்சு பின்னாடியே கூப்ட்டுச்சாம், வந்து குடிக்கிறேன்னு சொல்லிட்டு போச்சாம். எனக்கு அப்ப நாலு வயசு, இதெல்லாம் தெரியாது.

ஃப்ளெக்ஸ்கடை அண்ணா, அத்தைக்கு தனி ஃபோட்டோ ஒண்ணும் கெடையாது, எல்லாம் தண்ணில போயிடுச்சு. சொந்தக்காரங்க வீட்ல ஒரு கல்யாண குரூப் ஃபோட்டோ இருக்கு, ஓரத்துல நிக்கிது, பாதி மொகம் முன்னாடி நிக்கிறவங்க தலைக்குப் பின்னாடி போயிடுச்சு. எதாவது பண்ண முடியுமாண்ணா?

ஃப்ளெக்ஸ்கடை
எடுத்துகினு வா தம்பி. ஃபோன்ல எடுத்து அனுப்பாத, அந்த ஃபோட்டோவையே கொண்டா, நல்லா ஸ்கேன் பண்ணணும். ஆயாவையும் கூட்டிகினு வா, மறைஞ்ச பாதி எப்படி இருக்கும்னு பக்கத்துல உக்காந்து சொல்லட்டும்.