காவிக்கட்டியில் ஒரு மன்மதன்: சந்தேகம் இரண்டு

ரோஸ் ஹில் டிராயிங் டீச்சர்:
வணக்கம். கிரேட் 10 பிள்ளைகளுக்கு பிரெஞ்சுச் சிற்பி எத்ம் பூஷார்தோனின் (1698–1762) படங்களைக் காட்டினேன். கிரேக்க வீரன் ஹெர்குலிஸின் கதாயுதத்தைச் சீவி வில் செய்யும் மன்மதன், அதாவது மேல்நாட்டுக் காதல் தெய்வம் கியூபிட். 1750இல் முடித்த பளிங்குச் சிலை பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்காகக் காவிக்கட்டியில் ஒரே உடம்பைச் சுற்றிச் சுற்றி வரைந்திருக்கிறார், பின்னணியே இல்லாமல். ஏன் அப்படி? இன்னொன்று, அவர் படங்களில் சில வெளிறி, இடம் வலமாகத் திரும்பியிருக்கின்றன. யாராவது பார்த்து வரைந்த நகலா?

காத்ர் போர்ன் சுதைக்காரன்:
டீச்சரம்மா, நான் கோபுர வேலைக்காரன், பெரிய படிப்பில்லை. ஓவியனுக்கு ஒரு பக்கம் போதும், எங்களுக்கு முதுகும் வேண்டும். போன மாதம் ஒரு காமனுக்குக் கம்பி கட்டினேன். முன்பக்கத்தை மட்டும் கரியால் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். இடுப்பு திரும்பினால் தோள்பட்டை எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. சிமெண்டு பூசிப் பார்த்தால் ஆள் கூனன்! உடைத்துத் திரும்பக் கட்டினேன். பளிங்கில் அது நடக்குமா? அவர் தாளிலேயே சுற்றி வந்துவிட்டார்.

அப்புறம், அவனுக்கு வில் செய்ய ஹெர்குலிஸின் ஆயுதமும் போர்த் தெய்வம் மார்ஸின் வாளும் வேண்டியிருக்கிறது. நம்மவனுக்குக் கரும்பு போதும். இந்த மொரிஷியஸ் தீவில் அதற்கா பஞ்சம்!

சென் தெனி வாசகர், ரீயூனியன்:
திரும்பிய படம் நகல் இல்லை, டீச்சர். வரைந்த படத்தின் மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தினால் காவித்தூள் அதில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியில் தெரிகிற மாதிரி வரும். பிரெஞ்சில் கோந்த்ரெப்ரூவ் என்பார்கள். பூஷார்தோன் நிறையவே எடுத்திருக்கிறார். மூலப்படத்தில் உதிரும் தூளும் குறையும்.

உயிருள்ள ஆளை நிற்க வைத்து வரைந்ததால், வெர்சாய் அரண்மனைக்காரர்களுக்குச் சிலை பிடிக்கவில்லை. காதல் தெய்வம் மூட்டை தூக்குகிறவன் மாதிரி இருக்கிறதாம். ஷுவாசி என்ற வேறொரு அரண்மனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

காத்ர் போர்ன் சுதைக்காரன்:
கதாயுதத்தையே சீவுகிறவனுக்குத் தோளில் சதை வேண்டாமா?

ரோஸ் ஹில் டிராயிங் டீச்சர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. வகுப்பில் செய்து பார்த்தோம். அச்சு இயந்திரத்துக்கு எங்கே போக, ஃபராத்தா ரொட்டி தேய்க்கிற கட்டைதான். முதல் தாளில் ஈரம் அதிகமாகி ஒரே சேறு. இரண்டாவதை ஒற்றி எடுத்துவிட்டு வைத்தோம், மங்கலாக வந்தது. ஒரு பெண் வரைந்த மன்மதன் இப்போது இடதுகைக்காரன். “மிஸ், மூஞ்சி கோணல்னு இப்பத்தான் தெரியுது” என்று ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.