இன்சூரன்ஸ் இல்லாத ஒருவரோடு நடந்த சம்பவம்: உங்கள் அனுபவம் என்ன?

ஹூஸ்டன்_கூரைவீடு

ஒபாமாகேர் (அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்), மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு) சண்டையெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆலங்கட்டி மழைக்குப் பிறகு கூரை மாற்ற ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஏணியிலிருந்து என் டிரைவ்வேயில் விழுந்தார். பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நான் 911 அழுத்தப் போனேன். படுத்திருந்த மனிதர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நோ ஆம்புலன்ஸ், சார். நோ ஆம்புலன்ஸ்." வலியில் முகமெல்லாம் வெளுத்துவிட்டது, பிடியை மட்டும் விடவில்லை.

கடைசியில் கூரைக்குக் கொண்டுவந்த பிளைவுட் பலகையிலேயே அவரைப் படுக்க வைத்து, என் மினிவேனில் சீட்டை மடித்து ஏற்றி, கவுண்டி (மாவட்ட அரசு) மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டர் போனை எடுக்கவே இல்லை. டெக்சாஸில் தனியார் முதலாளி தொழிலாளருக்கு விபத்துக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிள்ளைகள் இல்லாத, ஊனம் எதுவும் இல்லாத, 65 வயது ஆகாத ஒருவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் இங்கே மெடிக்கெய்டும் கிடையாது.

டிவி விவாதங்களில் "காப்பீடு இல்லாதவர்கள் ஈ.ஆர்.-ஐ (அவசரப் பிரிவை) ஓசியில் அனுபவிக்கிறார்கள்" என்பார்கள். அது ஓசி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பதிவு செய்யும் இடத்திலும் அவர் கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு ஆகும்?"

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

இரவுப்பணி_நர்ஸ்

ஓசி விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். எம்டாலா என்று 1986-இல், ரீகன் காலத்தில் வந்த சட்டம். மெடிக்கேர் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு) பணம் வாங்கும் மருத்துவமனையில் அவசரப் பிரிவு இருந்தால், வந்தவரைப் பரிசோதிக்க வேண்டும், அவசர நிலை என்றால் அதை நிலைப்படுத்த வேண்டும், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுத் தாமதிக்கக் கூடாது. அவ்வளவுதான். பில் அனுப்பக் கூடாது என்று அதில் இல்லை. நிலைப்படுத்திய பிறகு வைத்தியத்தைத் தொடர வேண்டும் என்றும் இல்லை. அந்தச் செலவை மருத்துவமனைக்கு யார் தருவார்கள் என்பதும் இல்லை.

புளோரிடாவில் வேலை பார்த்தபோது நடந்தது. ஒரு பெண்மணி, என் அக்கா வயது, மார்பில் ரத்தம் கசிகிறது என்று வந்தார். சட்டைக்குள் சமையலறைப் பேப்பர் டவலை மடித்து வைத்திருந்தார். அந்தக் கட்டி அன்றைக்கு வந்ததில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ரத்தத்தை நிறுத்தினோம், கட்டுப் போட்டோம், வலிக்கு மாத்திரை கொடுத்தோம். சட்டப்படி நிலையாகிவிட்டார். டிஸ்சார்ஜ் காகிதத்தில் "ஒரு வாரத்துக்குள் புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கவும்" என்று அச்சாகி வந்தது. அவர் அதை நிதானமாகப் படித்தார். என் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்து என்னிடமே நீட்டி, "எந்த டாக்டர்? பேரை எழுதிக் கொடும்மா" என்றார்.

எனக்கு எழுதப் பேர் இல்லை. நாங்கள் வழக்கமாக அனுப்பும் இடங்களில் இன்சூரன்ஸ் இல்லையென்றால் முன்பணம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு இலவச கிளினிக்கின் நம்பரை எழுதினேன். அங்கே கீமோ கிடையாது.

அட்லாண்டா_மெஸ்காரன்

கூரைக்காரருக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் இந்தப் பேச்சில் எப்போதும் ஒரு தரப்பை மட்டுமே பார்க்கிறோம். என் கதையையும் கேளுங்கள்.

என் மெஸ்ஸில் வேலை செய்த பையன், இருபத்தெட்டு வயது. ஒபாமாகேர் பதிவு நடக்கும் நாட்களில் லேப்டாப்பைத் திறந்து நானே உட்கார்ந்து காட்டினேன். அப்போது அரசு உதவித்தொகை தாராளமாக இருந்தது, அவன் சம்பளத்துக்குப் பிரீமியம் சொற்பம். "அண்ணா, எனக்கு ஜுரமே வராது" என்று சிரித்துவிட்டுப் போனான். புது போன் வாங்கினான். கோடை வந்தது, ஒரு நாள் ராத்திரி மருத்துவமனையிலிருந்து போன். அப்பெண்டிக்ஸ். ஆபரேஷனுக்கு உள்ளே போகுமுன் அவன் கேட்டது இதுதான்: "அண்ணா, அந்த வெப்சைட்டில் நேற்றைய தேதி போட்டு என்னைச் சேர்த்துவிட முடியுமா?"

நேற்றைய தேதி! வீடு எரியும்போது பாலிசி கேட்பதுபோல.

இதற்காகத்தான் ஆரம்பத்தில் எல்லோரும் சேர்ந்தே ஆகவேண்டும், சேராவிட்டால் அபராதம் என்று வைத்திருந்தார்கள். ஒபாமா காலத்துக்கு முன்பே, 2006-இல் மாசசூசெட்ஸில் அப்போதைய ஆளுநர் ராம்னி கொண்டுவந்த யோசனை அது. 2017 ஜூலையில் செனட்டர் மெக்கெய்ன் கட்டை விரலைக் கீழே காட்டி, ரத்து மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டு ஒபாமாகேரைக் காப்பாற்றினார் என்று எல்லோரும் பேசுகிறோம். அதே வருஷ டிசம்பரில் வந்த வரிச் சட்டம் 2019 முதல் அபராதத்தைப் பூஜ்யமாக்கியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏற்கெனவே நோய் இருப்பவரையும் மறுக்கக் கூடாது என்கிறீர்கள், சரி. நோய் இல்லாதவன் சேர வேண்டாம் என்கிறீர்கள். நடுவில் ஒழுங்காகக் கட்டுபவன் யார்? நான்தான்.

2025-ஓடு கூடுதல் உதவித்தொகையும் முடிந்துவிட்டது. அதற்காக 43 நாள் அரசாங்கத்தையே மூடி வைத்துச் சண்டை போட்டும் நீட்டிக்கவில்லை. ஏழ்மைக் கோட்டுக்கு நான்கு மடங்கைத் தாண்டிச் சம்பாதித்தால் இப்போது ஒரு டாலர் உதவி கிடையாது. நான் அந்த நான்கு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. என் பிரீமியத்தை இங்கே எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஃப்ரீமான்ட்_ராஜி

எங்களுக்கும் நடந்தது. மாமியார் ஊரிலிருந்து வந்தபோது தலைசுற்றி விழுந்து ஈ.ஆர். போனோம், எடுத்திருந்த விசிட்டர் இன்சூரன்ஸ் ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு போட்ட மலிவு பாலிசி, பெரும்பகுதி எங்கள் தலையில் விழுந்தது. அதை விடுங்கள்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் வரும் பில்லை யாரும் கட்டாதீர்கள். ஐட்டம் வாரியாகப் பிரித்த பில் கேளுங்கள், போட்டதையே திரும்பப் போட்டிருப்பார்கள். அப்புறம், லாப நோக்கமில்லாத மருத்துவமனை என்றால் வரிவிலக்குச் சட்டப்படி எழுத்தில் ஒரு நிதியுதவிக் கொள்கை வைத்திருந்தே ஆகவேண்டும். அதற்குத் தகுதி பெற்றவரிடம், இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாக வாங்கும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம், கலெக்‌ஷனுக்கு, அதாவது கடன் வசூல் ஏஜென்சிக்குப் போன பிறகும் விண்ணப்பிக்கலாம். கவுன்டரில் இருப்பவர் தானாகச் சொல்லமாட்டார், "ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ்" என்று நீங்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டும். தயவுசெய்து கிரெடிட் கார்டில் மட்டும் தேய்க்காதீர்கள். தேய்த்த நிமிஷமே அது மருத்துவக் கடன் இல்லை, வட்டிக் கடன்.

முன்கூட்டியே தேதி வாங்கிப் போகும் சிகிச்சை என்றால், இன்சூரன்ஸ் இல்லாதவருக்குச் செலவு மதிப்பீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். 2022 முதல் சட்டம். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் தகராறு செய்யலாம். ஆனால் ஹூஸ்டன் நண்பர் சொன்ன ஆம்புலன்ஸ் மட்டும் வேறு கதை. நெட்வொர்க்குக்கு வெளியே, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாத இடத்திலிருந்து வரும் திடீர் பில்லைத் தடுக்கும் அதே சட்டம் ஹெலிகாப்டரைச் சேர்த்தது, தரையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்கே அந்தச் சட்டத்தில் ஆம்புலன்ஸுக்குப் பாதுகாப்பு இல்லை. அந்த வகையில் கூரைக்காரர் செய்தது புத்திசாலித்தனம்தான்.

பெற்றோரை அழைப்பவர்கள் விரிவான பாலிசியே எடுங்கள். பழைய நோய் திடீரென்று முற்றினால் எவ்வளவு தருவார்கள், எந்த வயது வரை தருவார்கள் என்ற பத்தியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கிரீன் கார்டு வாங்கிவிட்டால் மெடிக்கேர் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இங்கே வேலை செய்த கணக்கு இல்லாத பெற்றோர் 65 வயதும் ஆகி, ஐந்து வருஷம் தொடர்ந்து இங்கே இருந்த பிறகுதான் அதைக் காசு கொடுத்து வாங்கவே முடியும்.

ஹூஸ்டன்_கூரைவீடு

ராஜி மேடம், நல்ல தகவல்தான். ஆனால் நான் கேட்டது இது இல்லை. அந்த மனிதர் ஆங்கிலத்தில் சொன்னதே இரண்டு மூன்று வார்த்தை. சம்பளம் ரொக்கமாக வாங்குகிறார். நிதியுதவிப் படிவம் என்றாலே வருமானச் சான்று, வரி ரசீது, முகவரி கேட்பார்கள். அதை நிரப்பினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்களோ என்று பயப்படுகிறவரிடம் 240 நாள் என்ன, 2,400 நாள் கொடுத்தும் என்ன?

அட்லாண்டா சார், கட்டுபவன் நான்தான் என்கிறீர்கள். நானும்தான். இந்தக் கவுண்டியில் சொத்து வரி ரசீதைப் பிரித்துப் பார்த்தால் மருத்துவமனைக்கென்றே தனி வரி இருக்கும். அவர் காலுக்கு நான் ஏற்கெனவே கட்டியிருக்கிறேன். கட்டியும், அவர் 911 வேண்டாம் என்று என் கையைப் பிடிக்கிறார். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

இரவுப்பணி_நர்ஸ்

அட்லாண்டா அண்ணா, உங்கள் பையனுக்கு உதவித்தொகையாவது இருந்தது, அவன் வேண்டாம் என்றான். ஒபாமாகேர் எழுதியபோது ஏழ்மைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் மெடிக்கெய்டுக்குப் போய்விடுவார்கள் என்ற கணக்கில், உதவித்தொகையை அந்தக் கோட்டிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சாஸ், புளோரிடா இன்றுவரை சேரவில்லை. உங்கள் ஜார்ஜியா வேலை நிபந்தனை போட்டு ஒரு சின்னக் கதவைத் திறந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் சம்பாதிப்பவருக்கு உதவி உண்டு, அதைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவருக்கு ஒன்றுமில்லை. பேனாவை நீட்டிய பெண்மணி அந்தப் பள்ளத்தில் இருந்தவர். போன் வாங்கிவிட்டு வந்தவர் இல்லை.

ஸ்கார்பரோ_தம்பி

கனடாவில் இருந்து எழுதுறன், மன்னிக்கவும், பொருத்தமில்லை என்றால் விட்டுவிடுங்கோ. உங்கட ஆக்கள் எங்கட ஒன்டாரியோவைச் சொர்க்கம் மாதிரிக் கதைக்கிறதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

என்னோடு வேலை செய்யிற அண்ணை ஒருத்தருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து வடிவாகப் பார்த்து அனுப்பினார்கள், ஒரு சதம் கேட்கவில்லை. அது உண்மை. நான்தான் காரில் ஏற்றி வந்தேன். வழியில் மருந்துக் கடையில் நிறுத்தினோம். எங்கட ஓஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) 25 முதல் 64 வயது வரையான ஆக்களுக்கு வெளியில் வாங்கும் மருந்துக்குப் பொதுவாகக் காசு தராது, வேலை செய்யும் இடத்தில் பெனிஃபிட் இருக்க வேணும். எங்களுக்கு ஏஜென்சி வேலை, பெனிஃபிட் இல்லை. அண்ணை மருந்துச் சீட்டைக் கவுன்டரில் வைத்து, "இதில் கட்டாயம் எடுக்க வேண்டியது எது, விட்டால் பரவாயில்லாதது எது?" என்று மருந்துக் கடையில் நின்ற பிள்ளையிடம் கேட்டார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிசன், மரக்கறி தெரிந்தெடுக்கிறது மாதிரி.

இதைச் சொல்லி அமெரிக்கா மேல் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கு மட்டும் கணக்கில்லை என்றுதான் சொல்லுறன்.

சியாட்டில்_எச்1பி

நீண்ட நாளாக வாசிக்கிறேன், முதல் முறை எழுதுகிறேன். அட்லாண்டா சாரின் "நேற்றைய தேதி"யைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்றைய தேதி போட்டு நான் சேர்ந்திருக்க முடியும், சட்டப்படியே.

லே-ஆஃப் ஆனது, மாதக் கடைசியோடு இன்சூரன்ஸ் நின்றது. கோப்ரா கடிதம் வந்தது, வேலை போனாலும் பழைய கம்பெனி இன்சூரன்ஸை நம் காசில் தொடர வழி தரும் சட்டம் அது. கம்பெனியின் பங்கையும் சேர்த்து 102 சதவீதம் நாமே கட்ட வேண்டும். குடும்ப பாலிசிக்குச் சராசரியே ஆண்டுக்கு 25,000 டாலரைத் தாண்டுகிறது. சம்பளம் இல்லாதவன் எங்கே போவான்? ஆனால் முடிவு சொல்ல 60 நாள் உண்டு. அதற்குள் கையெழுத்துப் போட்டால் இன்சூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே செல்லும். அதனால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். படிவத்தை ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டி, ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும் என்று இருந்தேன்.

மகளுக்கு ஆஸ்துமா. ஒரு ராத்திரி இழுப்பு அதிகமாகி ஈ.ஆர். வாசல் வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டோம். காரை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், நானும் மனைவியும் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனால் கோப்ராவில் கையெழுத்து, பின்தேதியிட்டு இரண்டு மாதப் பிரீமியம், மேலே டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை). மனைவி இன்ஹேலரை இன்னொரு முறை கொடுத்தாள். "பத்து நிமிஷம் பார்க்கலாம்" என்றேன். படித்தவன், எம்.எஸ். முடித்தவன், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேரம் பேசுகிறேன்.

மூச்சு சீரானது, திரும்பிவிட்டோம். அடுத்த வேலையில் இன்சூரன்ஸ் வந்தது, படிவத்தைக் கிழித்துப்போட்டேன். அட்லாண்டா சார், உங்கள் பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நானும் நோய் வரட்டும், அப்புறம் சேரலாம் என்றுதான் காத்திருந்தேன்.

அட்லாண்டா_மெஸ்காரன்

வித்தியாசம் இருக்கிறது தம்பி. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் விட்டுப்போன மாதத்துக்கும் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். அவன் ஒரு மாதமும் கட்டியதில்லை. அந்த அப்பெண்டிக்ஸ் பில்லில் மருத்துவமனை பாதிக்கு மேல் தள்ளுபடி செய்தது, மீதியைத் தவணையில் அடைக்கிறான். அதில் கொஞ்சம் என் கல்லாவிலிருந்தும் போகிறது, வீட்டில் சொல்லவில்லை.

நர்ஸ் தங்கச்சி சொன்ன பள்ளம் எனக்கும் தெரியும், ஓட்டுப் போடுகிறவர்களைக் கேளுங்கள், எனக்கு இன்னும் சிட்டிசன்ஷிப் வரவில்லை. சியாட்டில் தம்பி, உங்கள் பக்கம் இப்போது ஆள் எடுக்கிறார்களா? மச்சான் பையனுக்கும் வேலை போய், விசா கெடு அறுபது நாள் கணக்கில் நிற்கிறான், தனியாக மெசேஜ் போடுங்கள்.